மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள்: யாரை நியமிக்க வேண்டும், எப்படி நியமிக்க வேண்டும்?

கீழ்மடை:

1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், மாநில வாரியத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை 4ஆவது பிரிவில் வரையறுக்கிறது. தலைவர் ஒருவர், அரசின் சார்பில் ஐந்து பேருக்கு மேற்படாத அதிகாரிகள், மாநிலத்தில் இயங்கும் உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களிலிருந்து ஐந்து பேருக்கு மேற்படாதவர்கள், வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் முதலிய நலன்களின் சார்பில் மூன்று பேருக்கு மேற்படாத அலுவல்சாராதவர்கள், அரசு நிறுவனங்களின் சார்பில் இருவர், முழுநேர உறுப்பினர் செயலர் ஒருவர். ஆக அதிகபட்சம் 17 பேர். இந்தப் பதினேழு பேரில், வாக்குச்சீட்டின் வழியாக மக்களிடமிருந்து வந்தவர்களாகக் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் அந்த ஐந்து பேர் மட்டுமே.

தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும் என்ன அறிவும் அனுபவமும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உள்ளாட்சியிலிருந்து வரும் ஐவரைப் பற்றி அது ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொல்லவில்லை. உள்ளாட்சியின் உறுப்பினராக இருந்தால் போதும். 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளும், நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளும் நகராட்சிகளும், இருபதுக்கு மேற்பட்ட மாநகராட்சிகளும் உள்ள தமிழ்நாட்டில் அந்த ஐவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்க அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கழிவுநீரை ஆற்றில் விடும் ஊருக்கும் அந்த நீரைக் குடிக்க வேண்டிய ஊருக்கும் இந்த ஐந்து இடங்களில் ஒரே உரிமை இருக்க முடியாது. கடைமடையில் இருக்கும் ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் முதல் இடம் தரப்பட வேண்டும். இது குறித்து இந்த இணையக் குழுமத்தின் உறுப்பினர்களுடைய கருத்தை அறிய விரும்புகிறேன்.

சட்டப்புள்ளி:

தலைப்பை எடுத்ததற்கு நன்றி, ஐயா. யாரை நியமிப்பது என்பதற்கு முன்னால், நியமிக்க ஆள் இருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது.

சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். காலம் முடிந்தாலும் அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை தொடரலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. ஆனால் உள்ளாட்சிப் பிரதிநிதியாக வந்தவர் தம் உள்ளாட்சி அமைப்பின் உறுப்பினர் பதவியை இழந்தால், வாரியத்திலும் அவரது இடம் காலியானதாகக் கருதப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது, மன்றம் கலைந்தால் வாரியத்து நாற்காலியும் போய்விடும்.

இதைத் தமிழ்நாட்டின் நடப்போடு பொருத்திப் பாருங்கள். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற ஆணையால் நின்றுபோனது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. நகர்ப்புறத் தேர்தலுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள்தான் உள்ளாட்சிகளை நடத்தினார்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் மாநிலம் முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2025 ஜனவரியில், 2019இல் தேர்தல் நடந்த (மாவட்டப் பிரிப்பால் 27இலிருந்து 28 ஆகிவிட்ட) மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன.

இந்த வெற்றிடத்தால் வாரியத்தின் முடிவுகள் செல்லாமல் போய்விடுமா என்றால், போகாது. உறுப்பினர் இடம் காலியாக இருப்பதை மட்டுமே காரணம் காட்டி வாரியத்தின் எந்த நடவடிக்கையையும் கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்கிறது 11ஆவது பிரிவு. நிர்வாகம் தடைபடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட பிரிவுதான். ஆனால் ஐந்து இடங்களும் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் யாருக்கும் எந்த நெருக்கடியும் வராது என்பதே அதன் நடைமுறைப் பொருளாகிவிட்டது.

வாய்க்கால்மேடு:

நான் ஓர் ஊராட்சியில் ஒரு முறை தலைவராக இருந்தவன். வாரியத்தில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் தரையில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே சில ஆலைகள் உண்டு. மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் வாய்க்காலில் நுரை பொங்கி வரும். மதகுக்குப் பக்கத்தில் அது முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கும். கையால் அள்ளினால் சோப்பைப் போல வழுக்கும், ஆனால் நாற்றம் கந்தகத்துடையது. வாரிய அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால், வண்டி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். நுரை வடிந்து, தண்ணீர் சற்றுக் கலங்கலாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துத் தண்ணீரைத்தான் புட்டியில் பிடிப்பார்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அந்தக் கையெழுத்துகள் மாதிரி எடுப்பவருடையதும் ஆலைக்காரருடையதும்தான். முதலில் பார்த்து, முதலில் தகவல் சொன்ன ஊராட்சித் தலைவருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஆய்வு முடிவு ஊராட்சிக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு வாய்க்காலைப் பார்த்த ஒருவர் வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், மாதிரி எடுக்கும் நேரம் பற்றி ஒரு கேள்வியாவது எழும் என்று நான் நம்புகிறேன். அந்தக் கேள்வியை எழுப்புவதற்குச் சுற்றுச்சூழல் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

குழாய்வழி:

நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன். கீழ்மடை அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் நகராட்சிகளை எதிர்த்தரப்பில் நிறுத்திவிட்டு நீர் மாசைப் பற்றிப் பேச முடியாது என்று கருதுகிறேன்.

ஆற்றில் சேரும் அழுக்கில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீர். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர். நிலையம் கட்டப்பட்ட இடங்களிலும் அது முழுமையாக ஓடவில்லை என்பதைத்தான் கடைசி இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரம் காட்டுகிறது. அது ஏன் ஓடவில்லை என்பதை அறிந்தவர்கள் நகராட்சிகளில் இருக்கிறார்கள். வீட்டு இணைப்புகள் கொடுக்கப்படாததால் நிலையத்துக்குக் கழிவுநீரே வந்து சேராத ஊர்கள் உண்டு. மின் கட்டணம் கட்டப் பணமில்லாமல் காற்றூட்டும் கருவிகளை இரவில் நிறுத்திவைக்கும் ஊர்களும் உண்டு. நிலம் எடுக்கப் போனால் அந்தப் பகுதி மக்களே எதிர்க்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை அமைப்பதும் இயக்குவதும் உள்ளாட்சிகளின் பொறுப்பு, அதற்கு வேண்டிய நிதியை அவை திரட்டிக்கொள்ள வேண்டும் என்று தெளிவுபடுத்திவிட்டது. பொறுப்பு எங்கள் தலையில், அபராதமும் எங்கள் தலையில். அப்படியிருக்க, விதிகளையும் காலக்கெடுவையும் வகுக்கும் இடத்தில் எங்களுக்குக் குரல் கூடாதென்றால் அது என்ன நியாயம்? ஐந்து இடங்களில் இரண்டாவது பெரிய நகர உள்ளாட்சிகளுக்கு இருக்க வேண்டும்.

கீழ்மடை:

குழாய்வழி அவர்களே, நீங்கள் கூறிய இடர்ப்பாடுகள் அனைத்தும் உண்மை. அவை வாரியத்தின் காதுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் காதுக்குப் போவதற்கும் வாக்களிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நகராட்சியும் கழிவுநீரை வெளியேற்ற வாரியத்திடம் இசைவாணை கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு விண்ணப்பதாரர்தான். 25ஆவது பிரிவு தோல் ஆலைக்கும் மாநகராட்சிக்கும் ஒன்றுபோலவே பொருந்துகிறது. இசைவாணை நிபந்தனையை மீறியதற்காக ஒரு மாநகராட்சி மீது நடவடிக்கை எடுப்பதா, மேலும் காலம் கொடுப்பதா என்று வாரியம் பேசும்போது, அதே மாநகராட்சியின் உறுப்பினர் மேசையில் இருந்து வாக்களிப்பது முறையாகாது. குறைந்தபட்சம், தம் உள்ளாட்சியைப் பற்றிய பொருள் எடுக்கப்படும்போது அவர் அவையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் அனுபவத்தை வாரியம் பெறுவதற்குச் சட்டத்திலேயே வேறு வாசல் இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக வெளியிலிருந்து ஒருவரை அழைத்து உதவி பெறலாம், அவர் விவாதத்தில் பங்கேற்கலாம், வாக்களிக்க இயலாது என்று 10ஆவது பிரிவு கூறுகிறது. நகராட்சிப் பொறியாளர்களுக்கு அதுவே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம்.

பனையூரான்:

ஓர் ஐயம். மாநகராட்சி ஆணையரை உள்ளாட்சிப் பிரதிநிதியாக நியமிக்கலாமா? தனி அலுவலர் காலத்தில் அவரே மன்றத்தின் அதிகாரங்கள் அனைத்தையும் செலுத்துகிறார் அல்லவா?

சட்டப்புள்ளி:

பனையூரான் அவர்களுக்கு: பிரிவில் இருக்கும் சொற்கள் உள்ளாட்சி அமைப்பின் 'உறுப்பினர்களிலிருந்து' என்பவை. ஆணையர் அந்த அமைப்பின் நிர்வாக அலுவலர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அல்லர். தனி அலுவலர் மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்துவது வேறு, மன்றத்தின் உறுப்பினராவது வேறு என்பதே என் வாசிப்பு. இதற்கு மாறாகப் பொருள் கொண்டால், அதிகாரிகளுக்கென்று தனியாக ஐந்து இடங்களைச் சட்டம் ஒதுக்கியதற்கே பொருளில்லாமல் போகும்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன்; இதைப் பலர் கவனிப்பதில்லை. யார் உறுப்பினராக முடியாது என்பதை 6ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. கழிவுநீரை அளக்கவும் சுத்திகரிக்கவும் பயன்படும் இயந்திரங்களைச் செய்து விற்கும் நிறுவனத்தில் பங்கு உள்ளவர் உறுப்பினராக முடியாது. கழிவுநீர்த் திட்டங்களுக்காக வாரியத்துடனோ அரசுடனோ உள்ளாட்சியுடனோ ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனத்தின் இயக்குநரும் ஊழியரும் உறுப்பினராக முடியாது. சுத்திகரிப்புக் கருவி விற்பவரை வெளியே நிறுத்திய இந்தப் பட்டியல், கழிவுநீரை வெளியேற்றும் ஆலையின் உரிமையாளரை எங்கும் குறிப்பிடவில்லை. சாயப்பட்டறையோ தோல் ஆலையோ நடத்தும் ஒருவர் நகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, உள்ளாட்சிப் பிரதிநிதி என்ற பெயரில் வாரியத்துக்குள் வருவதை 6ஆவது பிரிவின் எழுத்து தடுக்கவில்லை. தொழில்துறைக்கென்று தனி இடம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளாட்சியின் இடத்தில் தொழில்துறை இரண்டாம் முறை வந்து அமர்வதைத் தடுக்க, நியமன விதிகளில் மாநில அரசு ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். நியமனத்துக்கு முன் சொத்து, தொழில் விவரங்களை உறுதிமொழியாகப் பெறுவது பெரிய சுமையல்ல.

நொய்யல்கரை:

இவ்வளவு நுணுக்கமாக விவாதிக்கும் அளவுக்கு அந்த ஐந்து இடங்களுக்கு உண்மையில் வலிமை இருக்கிறதா என்று கேட்க விரும்புகிறேன்.

பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்தபோது அதை முடிவுக்குக் கொண்டுவர முயன்றவர்கள் வேலூர் மக்கள் நல மன்றத்தினர். அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தேக்கமாகவே ஆகிப்போன பிறகு, நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான். இரண்டு ஆறுகளிலும் நடவடிக்கையைக் கொண்டுவந்தது நீதிமன்றம். வாரியத்தின் உறுப்பினர் கூட்டமல்ல.

தவிரவும், இசைவாணைகளில் பெரும்பாலானவை வாரியக் கூட்டத்துக்கே வருவதில்லை. அதிகாரங்கள் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு, மாவட்ட, மண்டல மட்டங்களிலேயே கோப்புகள் முடிந்துவிடுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்று சட்டம் கூறும் ஓர் அவையில், சென்னைக்குப் போய் உட்கார்ந்து திரும்பும் ஊராட்சித் தலைவர் எதை மாற்றிவிட முடியும்?

வாய்க்கால்மேடு:

நொய்யல்கரை ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரத்துப்பாளையத்தின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. அணை கட்டி முடிந்த ஆண்டுக்கும் ஆலைகளை மூடச் சொன்ன ஆண்டுக்கும் இடையில் பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நீதிமன்றம் கடைசியில் வந்தது. அதற்குள் கிணறுகள் உப்பாகி, தென்னை பட்டுப்போய், மாடுகள்கூடக் குடிக்க மறுத்த தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கிவிட்டது. வழக்கு என்பது கெட்ட பிறகு கேட்கும் நியாயம். இசைவாணை கொடுக்கும் கட்டத்திலேயே, 'இந்த ஆற்றில் கோடையில் நான்கு மாதம் தண்ணீரே ஓடாது, நீங்கள் விடும் கழிவு எதில் கரையும்?' என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கரையில் வாழ்பவர்தான் கேட்பார்.

கூட்டத்துக்கு வராத கோப்புகளைப் பற்றிச் சொன்னீர்கள். அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பது வாரியம் என்றால், எந்த அதிகாரத்தை எந்த நிபந்தனையோடு பகிர்ந்தளிப்பது என்று கேட்கும் உரிமையும் வாரிய உறுப்பினருக்கு இருக்கிறது. சிவப்பு வகை, அதாவது மிகுதியாக மாசுபடுத்தும் வகை, தொழிற்சாலைகளின் இசைவாணைக்கு முன் கீழ்ப்பகுதி ஊராட்சிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு தீர்மானம் வந்தால்கூட அது பல மாவட்டங்களின் நடைமுறையை மாற்றும்.

ஏழாம்வார்டு:

நான் பேரூராட்சி உறுப்பினர். இதுவரை பேசியவர்கள் தொடாத இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. குடிநீர்க் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தால் மக்கள் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். ஐந்து இடங்களையும் மேயர்களுக்கும் மாவட்டத் தலைவர்களுக்கும் மரியாதைக்காகக் கொடுக்காமல், அன்றாடம் தண்ணீரோடு பணியாற்றும் பெண் உறுப்பினர்களில் இருவருக்காவது கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்தது, நியமித்தால் மட்டும் போதாது. நிகழ்ச்சி நிரல் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில், கூட்டத்துக்கு முதல்நாள் கைக்கு வந்தால் எந்த உறுப்பினரும் தலையாட்டிவிட்டுத்தான் வர முடியும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஆற்றில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது வாரியம் வழக்கமாக விதிக்கும் வரம்பு. குடிநீருக்கு ஏற்ற அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் ஒரே பக்கத்தில் கொடுத்தால், எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுக்கு மேலே யார் எவ்வளவு விடுகிறார்கள் என்று எந்த உறுப்பினரும் கேட்டுவிடுவார். ஆகவே, நிகழ்ச்சி நிரல் தமிழிலும், பதினைந்து நாள் முன்பாகவும் வர வேண்டும் என்பதையும் நாம் அரசுக்கு வைக்கும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும்.

குழாய்வழி:

ஏழாம்வார்டு அம்மாவின் கோரிக்கைகள் இரண்டையும் முழுமனதாக ஏற்கிறேன். தம் உள்ளாட்சியைப் பற்றிய பொருளில் அவையிலிருந்து விலகியிருக்கும் விதி குறித்தும் எனக்கு மறுப்பில்லை. பெரிய நகரங்களுக்கு இரண்டு இடங்கள் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாக்கில்லாத அழைப்பாளராக வருபவரின் சொல்லுக்கு எந்த அவையிலும் எடை குறைவு என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். வாரியம் வகுக்கும் காலக்கெடுவைத் தம் மன்றத்தில் எடுத்துச்சொல்லி, வரி உயர்வுக்கும் வீட்டு இணைப்புக்கும் ஆதரவு திரட்ட வேண்டியவரும் அந்த நகரத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்தான்.

கீழ்மடை:

எண்ணிக்கையில் நமக்குள் வேறுபாடு இருக்கட்டும். தேர்வு முறையைப் பற்றி ஒரு யோசனை வைக்கிறேன்.

அரசியலமைப்பின் 243இசட்டி (243ZD) பிரிவின்படி அமையும் மாவட்டத் திட்டக் குழுவில், உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்களை மாவட்ட ஊராட்சியின் உறுப்பினர்களும் மாவட்டத்தின் நகராட்சி உறுப்பினர்களுமே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே வழியில், ஒவ்வோர் ஆற்றுப் படுகையிலும் உள்ள உள்ளாட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள் மூவரைத் தேர்ந்தெடுத்து அரசுக்குப் பட்டியல் அனுப்பலாம். அரசு அந்தப் பட்டியலிலிருந்து நியமிக்கலாம். நியமிக்கும் அதிகாரம் அரசிடமே இருப்பதால் சட்டத் திருத்தம் தேவைப்படாது. விதியோ அரசாணையோ போதும். மாநில வாரியங்களின் தலைவர், உறுப்பினர் நியமனங்களுக்கு ஆறு மாதங்களுக்குள் வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பு வல்லுநர் தகுதியையே மையமாகக் கொண்டது; ஆனால் நெறிகள் எழுதப்படும் இடத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான பகுதியும் எழுதப்படுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டப்புள்ளி:

இதில் ஒரு சேர்க்கை. 2024ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தலைவரின் நியமன முறையை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் திருத்தத்தை ஏற்கும் மாநிலங்களுக்கே பொருந்தும். உள்ளாட்சி உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருக்கிறது. ஆகவே கோரிக்கை செல்ல வேண்டிய இடம் தலைமைச் செயலகம்தான்.

தேர்தல் நடக்காத காலத்துக்கும் வழி சொல்லியாக வேண்டும். 9ஆவது பிரிவு, உறுப்பினர் அல்லாதவர்களை மட்டுமே கொண்டும் குழுக்களை அமைக்க வாரியத்துக்கு இடம் தருகிறது. பாலாறு, நொய்யல், பவானி, அமராவதி, தாமிரபரணி என்று படுகைக்கு ஒரு குழுவை அதன்கீழ் அமைத்து, பாசன சங்கத்தினரையும் முன்னாள் உள்ளாட்சி உறுப்பினர்களையும் அதில் வைக்கலாம். மன்றம் கலைந்தாலும் அந்தக் குழு கலையாது.

நொய்யல்கரை:

படுகைக் குழு என்றால் நான் உடன்படுகிறேன். அது சென்னையில் கூடாமல் ஆற்றங்கரை ஊர்களில் கூட வேண்டும், அதன் நடவடிக்கைக் குறிப்பு கிராம சபையில் படிக்கப்பட வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தால் அரசுக்கு அனுப்பும் கோரிக்கை மனுவில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழ்மடை:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். மனுவுக்கு முன்பாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவது பயன் தரும். கேட்க வேண்டியவை இவை: 2011 முதல் இன்றுவரை உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக நியமிக்கப்பட்டவர்கள் யார், எந்த அரசாணையின்படி, ஒவ்வொருவரும் கலந்துகொண்ட கூட்டங்களின் தேதிகள், இடங்கள் காலியாக இருந்த காலம், அவர்கள் எழுப்பிய பொருள்கள் பதிவான நடவடிக்கைக் குறிப்புகளின் நகல். வாய்க்கால்மேடு அவர்கள் கூறிய மாதிரி எடுக்கும் நேரத்தைப் பற்றித் தனியாக ஒரு விண்ணப்பம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதை அவரே எழுதுவது பொருத்தமாக இருக்கும். பதில்கள் வந்ததும் இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். பெரிய நகரங்களுக்கு எத்தனை இடம் என்பதை அப்போது எண்களை வைத்துக்கொண்டு குழாய்வழி அவர்களோடு மீண்டும் பேசலாம்.